கொம்படிவயலின் தனிநபர் வருமானம்

கொம்படிவயல் பணக்கார ஊராகிவிட்ட செய்தி கொம்படிவயலுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதற்கு முன்பே அது புதுக்கோட்டையில் தெரிந்து, சென்னைக்குப் போய், டெல்லியில் யாரோ ஒருவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் மட்டும் விவரம் தெரியாமல் ரேஷன் கடை வாசலில் பைகளை வரிசையாகப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆலங்குடியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், முந்திரிக்காடுகளைத் தாண்டிப் போனால் கொம்படிவயல். வேலைக்கு லாயக்கான வயதில் இருந்தவர்கள் தோகாவிலும் துபாயிலும் திருப்பூரிலும் இருந்தார்கள். பூட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. பூட்டாத வீடுகளில் ஒன்று அடைக்கலத்தினுடையது.

அடைக்கலம் வயலில் கடலை போடுகிறவர். அவர் மனைவி அமிர்தவல்லிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஊருக்குள் வரும் ஒரே பஸ் ஆறேகால் பஸ். அதில் ஏறினால் நேரத்துக்குப் போய்ப் படுக்கை பிடித்துவிடலாம். ஒரே மகன் சந்தோஷ்குமார் தோகாவில் ஏசி மெக்கானிக்.

ஒரு நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜீப்பின் நெற்றியில் 'ஊரக மக்கள்தொகை மற்றும் வருமானப் போக்கு அளவீட்டு மையம்' என்று எழுதியிருந்தது. இடம் போதாமல் 'மையம்' மட்டும் பக்கவாட்டுக் கதவுக்குப் போயிருந்தது. கையில் டேப்லெட்டோடு இறங்கியவர் உதவி ஆய்வாளர் கோபிநாத். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"உங்க ஊரோட போக்கைப் பார்க்க வந்திருக்கோம் ஐயா" என்றார்.

"போக்குன்னா? வயித்துப்போக்குங்களா?" உள்ளேயிருந்து அமிர்தவல்லி கேட்டாள்.

கோபிநாத் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வி அவருக்கு ஊர் ஊராக வந்திருந்தது. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்ல எத்தனை பேர் ஐயா?"

"மூணு பேருங்க. நானு, வீட்டுக்காரி, மகன் தோகாவுல இருக்கான்."

"அப்ப ரெண்டு."

"மூணுங்க."

"ஆள் இங்க இல்லையே ஐயா. இல்லாத ஆளை மக்கள்தொகையில சேர்க்கக் கூடாது. பணம் அனுப்புவாரா?"

"கடன் போக மிச்சம் இருந்தா அனுப்புவான்."

"அதைச் சேர்த்துக்கலாம்."

"ஆளச் சேக்க மாட்டேன்னீங்களே?"

"ஆள் தோகாவுல இருக்கார் ஐயா. பணம் இங்க இருக்கே" என்று பொறுமையாக விளக்கினார் கோபிநாத்.

கடலை பற்றி அவர் கேட்பார் என்று அடைக்கலம் காத்திருந்தார். கேட்காததால் தாமே சொன்னார்: "இந்தத் தடவை கடலை மொத்தமும் அழுகிப் போச்சுங்க. பறிக்கிற நேரத்துல மழை பிடிச்சிருச்சு."

"அது நட்டம் ஐயா. நட்டத்தை நாங்க கேட்கறதில்ல. அதுக்குக் கட்டமே கிடையாது" என்று டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே கிடையாது. "வீடு சொந்தமா?"

"அப்பா கட்டுனது. ஓடு ஒழுகுது."

"வாடகை கொடுக்கறீங்களா?"

"சொந்த வீட்டுக்கு யாருக்குங்க வாடகை குடுக்கிறது?"

"அப்ப மாசாமாசம் வாடகை மிச்சம். மிச்சம்னா வருமானம்." விரலால் தட்டினார். "சமையல் யாரு?"

"முடிஞ்ச அன்னைக்கு அவ. முடியாத அன்னைக்கு நான்."

"ரெண்டு பேருமே சமைக்கறீங்க. ரெண்டு பேருக்கும் சமையல்காரர் கூலி." மறுபடி தட்டினார். வாசலில் ஒரு பெட்டைக்கோழி குஞ்சுகளோடு போனது. அதையும் பார்த்துத் தட்டினார்.

அப்போதுதான் அமிர்தவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இடது கையில், ஊசி குத்துகிற இடத்தில், நரம்பு புடைத்துக் கிடந்தது.

"அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?"

"கிட்னி போச்சு தம்பி. வாரத்துல மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ணணும்."

"தனியார்லயா?"

"தனியாருக்கு எங்கிட்டுத் தம்பி போறது? பெரியாஸ்பத்திரியில சும்மாதான் பண்றாங்க."

கோபிநாத் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஓர் ஒளி வந்தது. "சும்மான்னு சொல்லாதீங்கம்மா. தனியார்ல ஒரு தடவைக்கு என்ன ஆகும் தெரியுமா? அதுவும் வாரம் மூணு! வருசம் முழுக்க!" அவர் விரல் டேப்லெட்டில் ஓடி ஓடித் தட்டியது. கடைசியில் எழுந்து நின்று அடைக்கலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் ஐயா. இந்த ஊர்ல நீங்கதான் முதல்."

"எதுலங்க?"

"வருமானத்துல."

ஜீப் போன பிறகு அமிர்தவல்லி வெகுநேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, எனக்கு ஈரலும் கெட்டுப்போனா நாம இன்னும் பணக்காரங்களா ஆயிருவமா?" என்று கேட்டாள்.

அடைக்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் கை குலுக்கிய விதம் அவருக்கு எங்கோ உறுத்தியது.

*

மையத்தின் இயக்குநர் முனைவர் ரகுநாத், கொம்படிவயலுக்கு 'வளம் வழியும் சிற்றூர்' விருது அறிவித்தார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மக்கள்தொகை குறைந்ததைப் பாராட்டும் விழாவுக்கு மக்கள் போதவில்லை. நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்த இயக்குநர், பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு வேன் ஆட்களை வரவழைத்தார். அந்த ஊர்கள் இன்னும் வளம் வழியாதவை என்பதால் அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் என்று பேச்சு.

ரகுநாத் மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்தார்.

"ஓர் ஊரின் தனிநபர் வருமானத்தை உயர்த்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வருமானத்தைக் கூட்டுவது. இது மிகவும் கடினம். மழை, விலை, வேலைவாய்ப்பு என்று நம் கையில் இல்லாத பல விஷயங்கள் இதில் இருக்கின்றன. இன்னொரு வழி, வகுக்கும் எண்ணைக் குறைப்பது. கொம்படிவயல் மக்கள் எங்கள் உதவி எதுவும் இல்லாமலே இந்த இரண்டாவது வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!"

பிரியாணிக்காரர்கள் கைதட்டினார்கள்.

"இந்த ஊரை விட்டுப் போனவர்கள் சும்மா போகவில்லை. தலையை அங்கே வைத்துக்கொண்டு பணத்தை இங்கே அனுப்புகிறார்கள். இதைவிடச் சிறந்த தேசபக்தி உண்டா? போன ஆண்டு இந்த ஊரில் காலமானவர்களைப் பாருங்கள். ஒருவர்கூட வருமானம் உள்ளவர் இல்லை. எல்லாரும் முதியோர். சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தவர்கள், தாமாகவே விலகிக்கொண்டார்கள். அந்தப் பெரியவர்களுக்கு இந்த மேடை நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாளுக்கு வயது எண்பதுக்கு மேல். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"இன்னும் சில குடும்பங்கள் மனது வைத்தால் மாநிலத்திலேயே முதலிடம் நிச்சயம். ஒரே ஒருவர் மட்டும் மிஞ்சி, எல்லாருடைய பணமும் அவருக்கு வந்து சேரும் நாளில், கொம்படிவயல் சிங்கப்பூரைத் தாண்டிவிடும். அந்த ஒருவர் யார் என்பதை ஊர்கூடி முடிவு செய்துகொள்ளுங்கள். மையம் அதில் தலையிடாது."

பிறகு அடைக்கலத்தை மேடைக்குக் கூப்பிட்டு, 'ஆண்டின் வளமான குடும்பத் தலைவர்' என்று சால்வை போர்த்தினார்கள். கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அடைக்கலம் மைக்கைப் பார்த்தார். அதுவரை அவர் மைக்கில் பேசியதில்லை.

"கடலை போட்டேங்க. அழுகிப் போச்சு" என்றார்.

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். நாட்டுப்பண் பாடினார்கள்.

*

விழா முடிந்த அடுத்த வாரம் ஆறேகால் பஸ் வரவில்லை.

அமிர்தவல்லியும் அடைக்கலமும் ஏழு மணி வரை ரோட்டில் நின்றார்கள். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு குட்டியானையில் வந்த பெரியண்ணன் வண்டியை நிறுத்தினான். அவன் அடைக்கலத்துக்கு அக்கா மகன். "என்ன மாமா, பஸ்ஸு இனிமே வராதாம்ல. கண்டக்டரு நேத்தே சொன்னானே" என்றான். அவளை முன்சீட்டில் ஏற்றி, இவர் தேங்காய்மேல் உட்கார்ந்து, போய்ச் சேர்வதற்குள் அவள் முறை போய்விட்டது. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளைக்குள் அவள் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. இரவெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

டிப்போவில் கேட்டால், மையத்தைக் கேளுங்கள் என்றார்கள். மையம் புதுக்கோட்டையில் ஒரு மாடியில் இருந்தது. சுவர் நிறைய வரைபடங்கள். எல்லாக் கோடும் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடு வரைபடத்தைத் தாண்டிச் சுவரிலேயே கொஞ்சம் ஏறியிருந்தது.

கோபிநாத் எழுந்து வந்து நாற்காலி போட்டார். "அது பின்தங்கிய ஊர்களுக்கான பஸ் ஐயா. நீங்கதான் முந்திட்டீங்களே."

"முந்தலைங்க. ரோட்டுலேயே நிக்கிறோம்."

"கார் வாங்கலாமே ஐயா. உங்க வருமானத்துக்கு ரெண்டு வாங்கலாம்."

அடைக்கலம் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அறியும் ஆவலோடுதான் கேட்டார்: "அந்த வருமானம் எங்கிட்டு இருக்குதுங்க? சொன்னீங்கன்னா போய் எடுத்துக்கிறேன்."

கோபிநாத் உதவ விரும்பினார். "ஒண்ணு, ஊர் வருமானம் குறையணும். இல்லேன்னா ஜனத்தொகை கூடணும். ரெண்டுல ஒண்ணு நடந்தா சராசரி இறங்கும். இறங்கினா நீங்க மறுபடி பின்தங்கிடலாம். பஸ் தானா வந்துடும்."

அடைக்கலம் இதை ஊருக்கு வந்து சொன்னார். டீக்கடையில் நீண்ட யோசனை நடந்தது. வருமானம் இதற்கு மேல் குறைய வழியில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஜனத்தொகையைக் கூட்டுவதற்கு இருக்கிறவர்களின் வயது இடம் தரவில்லை. பெரியண்ணனுக்குத்தான் அந்த எண்ணம் வந்தது: முந்திரி உடைக்கிற ஷெட்டில் ஒடிசாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்களே! மூன்று வருடமாக இதே ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இதே பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. பெரியண்ணன் போய்ப் பேசினான். அவர்கள் சந்தோஷமாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு, நல்ல துணி உடுத்தி, பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நின்றார்கள்.

கோபிநாத் ஜீப்பில் வந்து வரிசையைச் சுற்றிப் பார்த்தார்.

"இவங்க சம்பாதிக்கிற பணம் எங்க போகுது?"

"அவுக ஊருக்கு அனுப்பிருவாக" என்றான் பெரியண்ணன்.

"அப்ப இவங்க கணக்கு அங்க. இங்க சேர்க்க முடியாது."

அடைக்கலம் முன்னால் வந்தார். "பணத்தைச் சேக்க வேணாங்க. தலைய மட்டும் எண்ணிக்கங்க. அதுதான் எங்களுக்கு வேணும்."

"பணம் இல்லாத தலையை எப்படி ஐயா எண்ணறது?"

"எங்க பிள்ளைகளைத் தலை இல்லாம பணத்தை மட்டும் எண்ணுனீங்களேங்க?"

"ஒரே விதிதான் ஐயா. பணம் எங்கயோ அங்கதான் ஊர். இதுல பாரபட்சமே கிடையாது."

"தலை எதிர்ல நிக்குதேங்க. கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணுக்குத் தெரியறது வேற ஐயா, கணக்குக்குத் தெரியறது வேற" என்று கோபிநாத் வருத்தத்தோடு சொன்னார். அவர் வருத்தம் போலி இல்லை.

வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண், மூன்று வருடத்தில் கற்ற தமிழில் பெரியண்ணனைக் கேட்டாள்: "அண்ணா, நாங்க இருக்கா, இல்லையா?"

"இங்க யாருமே இல்லைம்மா. வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போங்க" என்றான் பெரியண்ணன்.

*

அடுத்த முறை அடைக்கலம் மையத்துக்குப் போனபோது அமிர்தவல்லியும் கூடப் போனாள். டயாலிசிஸ் முடிந்த அசதி. மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். "நீங்க வந்து சொல்றதை என்னால நம்ப முடியல. நானே கேட்டுக்கிறேன்" என்று பிடிவாதம்.

கோபிநாத் அவர்களுக்காக நிஜமாகவே யோசித்து வைத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. சொல்லத் தயக்கமாத்தான் இருக்கு. ஊர் வருமானத்துல பெரிய பங்கு உங்க வீட்டோடது. உங்க வீட்டு வருமானத்துல பெரிய பங்கு அம்மாவோட டயாலிசிஸ். அதை மட்டும் நிறுத்திட்டா சராசரி சடார்னு இறங்கிடும். பஸ் திரும்ப வந்துடும்."

"பஸ்ஸு வந்து?" அமிர்தவல்லி கேட்டாள்.

"அம்மா பழையபடி ஆறேகாலுக்கு ஏறி டயாலிசிஸுக்கு வரலாம்."

"செத்த பெறகா தம்பி?"

கோபிநாத் கொஞ்சம் யோசித்தார். "அது சுகாதாரம் சம்பந்தப்பட்டதும்மா. எங்க வரம்புல வராது."

அடைக்கலம் இத்தனை வருடத்தில் ஓர் ஆபீசில் குரல் உயர்த்தியவர் இல்லை. அன்றைக்கு எழுந்து நின்றார்.

"சரிங்க. நிப்பாட்டிடறோம். பஸ்ஸு இல்லேன்னா எப்படியும் நின்னுதானே போகப்போகுது? இன்னைலேர்ந்து ஆஸ்பத்திரி இல்ல. அவ போயிருவா. ஒங்க சராசரி எறங்கும்ல? நல்லா எறங்கட்டும்! பாதாளத்துக்கு எறங்கட்டும்!"

உள் அறைக் கதவு படாரென்று திறந்தது. இயக்குநர் ரகுநாத் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"யார் சராசரி இறங்கும்னு சொன்னது?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபிநாத்தைப் பார்த்த பார்வையில் கோபிநாத் ஓரடி பின்னால் போனார். டெல்லியில் தேசிய விருதுக்குக் கொம்படிவயல் கடைசிச் சுற்றில் இருந்தது. குழு இன்னும் வந்து சரிபார்க்கவில்லை. இந்த நேரத்தில் ஊரின் மிகப்பெரிய வருமானம் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அம்மா, நீங்க ஏன்மா படி ஏறினீங்க? உள்ள வாங்க, என் நாற்காலியில உட்காருங்க. யாருப்பா அங்க, அம்மாவுக்கு ஒரு இளநீர்!"

டம்ளரில் இளநீர் பறந்து வந்தது. அமிர்தவல்லி கையால் தடுத்தாள். "எளநி எனக்கு ஆகாது தம்பி. இதைக் குடிச்சா நெஞ்சு நின்னுரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

ரகுநாத் அந்த டம்ளரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிவிட்டு, கொண்டுவந்தவனைத் திட்டினார். கீழே யாரோ பதிலுக்குத் திட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அங்கேயே நின்று உத்தரவு எழுதினார். மையத்தின் ஜீப் இனி 'வருமான ஆதாரப் பாதுகாப்பு ஊர்தி'. வாரம் மூன்று நாள் கொம்படிவயலுக்குப் போய், ஆதாரத்தை ஏற்றி, ஆஸ்பத்திரியில் விட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

ஜீப் வந்தது. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தது. அமிர்தவல்லி முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள். கால் வீக்கம் வடிந்தது. ராத்திரி படுத்துத் தூங்கினாள். தினமும் சாயங்காலம் இயக்குநரே போன் செய்தார்: அம்மா சாப்பிட்டார்களா, உப்பு குறைத்துத்தானே போடுகிறீர்கள், காய்ச்சல் கீய்ச்சல் உண்டா?

"பெத்த பிள்ளைகூட இம்புட்டுக் கேட்டதில்ல" என்றாள் அமிர்தவல்லி.

அடைக்கலத்துக்கு மனசு கரைந்துவிட்டது. ஆபீசில் கத்தியதற்காக வெட்கப்பட்டார். தோட்டத்துப் பலாவில் பெரிய பழமாகப் பார்த்து அறுத்து, ஜீப்பிலேயே ஏற்றி இயக்குநருக்கு அனுப்பினார். "பெரிய படிப்புப் படிச்சவுகளுக்கு உள்ளுக்குள்ள எரக்கம் இருக்கும், வெளிய காட்டத் தெரியாது" என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னார். பெரியண்ணன் மட்டும், "ம்ம்" என்றான்.

டெல்லிக் குழு வந்தது. அமிர்தவல்லியை நேரில் பார்த்து, கைநரம்பைத் தொட்டுப் பார்த்து, திருப்தியோடு போனது. மார்கழியில் விருது கிடைத்தது. ரகுநாத் கோட்டுப் போட்டு அதை வாங்குகிற படம் பேப்பரில் வந்தது. கொம்படிவயலின் பெயரை அதில் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார்கள். அடைக்கலம் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்.

அந்த வாரம் ஜீப் வரவில்லை.

முதல் நாள் பங்க்சராக இருக்கும் என்று நினைத்தார். இயக்குநரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அமிர்தவல்லி சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாள். பெரியண்ணன் பாதி லோடைத் தோப்பிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான்.

டயாலிசிஸ் முடிந்ததும் அவள் நேரே மையத்துக்குப் போகச் சொன்னாள். இம்முறை மூன்று தடவை உட்கார்ந்து படியேறினாள். இயக்குநர் அறையில் வேறு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார் பிரமோஷன்ல சென்னை போயிட்டார்மா" என்றார் கோபிநாத். "ஜீப் உத்தரவு விருது வரைக்கும்தான். இனிமே அதைத் தொடர முடியாது. தொடர்ந்தா எங்களுக்கே பாதகம்."

"ஏங்க, ஒங்க கணக்குல நாங்க இன்னமும் பணக்காரங்கதானே?" அடைக்கலம் கேட்டார். "சராசரி எறங்கக் கூடாதுன்னுதானே ஜீப்பே விட்டாரு?"

"அது போன போக்கு ஐயா. இந்த நிதியாண்டு அடிப்படை ஆண்டு. அடுத்த அஞ்சு வருச வளர்ச்சியை இதுலேர்ந்துதான் அளப்போம். அடிப்படை தாழ்வா இருந்தாத்தான் வளர்ச்சி உயரமாத் தெரியும். அதனால இந்த வருசம் எல்லா ஊர்லயும் வருமானம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுன்னு புது டைரக்டர் சொல்லியிருக்கார்." அவர் ஒரு பாடம் போலச் சொல்லிக்கொண்டே போனார். பேச்சு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அமிர்தவல்லிக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, சாந்தமாக, கடையில் விலை விசாரிப்பவள் போலக் கேட்டாள்:

"அப்ப நான் எப்பச் சாகறது ஒங்களுக்குத் தோதா இருக்கும் தம்பி?"

கோபிநாத் திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ளன்னா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கணக்குக்காகச் சொன்னேன்."

அடைக்கலம் அவர் சட்டையைப் பிடித்திருப்பார். அமிர்தவல்லி கணவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தபடியே கீழே கூட்டி வந்தாள். தெருவுக்கு வந்ததும் ஒரு கடை நிழலில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க. மார்ச்சைத் தாண்டணும்" என்றாள்.

"தாண்டுவே."

"தாண்டிக் காட்டணும்."

சொல்வது எளிது. தை, மாசி எல்லாம் இழுபறியாகத்தான் போயிற்று. பெரியண்ணன் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மூன்று நாளும் குட்டியானையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். டீசலுக்கு ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ஷெட்டில் இருந்த ஒடிசாக்காரர்களும் போட்டார்கள். வண்டி வொர்க்ஷாப்பில் கிடந்த ஒரு வாரம், பைக்கில் அவளை நடுவில் உட்கார வைத்து, பின்னாலிருந்து அடைக்கலம் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாசிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிட்டாள். சந்தோஷ்குமார் தோகாவிலிருந்து வீடியோவில் அழுதான். "அழுகாதடா. எனக்கு இப்பச் சாக நேரமில்ல" என்றாள் அவள்.

பங்குனியில் எழுந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் முதல் தேதி அவளுடைய டயாலிசிஸ் நாளாகவே அமைந்தது. முதல்நாளே அவள் பெரியண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள். குட்டியானை புதுக்கோட்டைக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பாமல் மையம் இருந்த தெருவுக்குப் போய், சரியாக அந்த மாடிக்குக் கீழே நின்றது. பின்னால் அடைக்கலம், பிச்சையம்மாள், ஷெட்டிலிருந்து வந்த அந்த ஒடிசாப் பெண், அவள் பிள்ளை எல்லாரும் தேங்காய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹாரனை அடிப்பா" என்றாள் அமிர்தவல்லி.

பெரியண்ணன் அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். மாடியில் ஜன்னல் திறந்து, ஆண்டுக் கணக்கு முடிக்க இரவெல்லாம் அங்கேயே கிடந்த கோபிநாத்தின் தலை எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள்.

அமிர்தவல்லி கண்ணாடிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, புடைத்த கையை உயரத் தூக்கினாள். நுரையீரலில் இருந்த காற்று மொத்தத்தையும் கூட்டிக் கத்தினாள்.

"எழுதிக்கங்க தம்பி! உசுரோட இருக்கேன்!"

பிறகு உள்ளே சாய்ந்து மூச்சு வாங்கினாள். "வண்டியை எடு. படுக்கை போயிரும்" என்றாள்.